பக்கத்தை விட்டு இறங்கிய கரடிகள்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மூக்கண்டப்பள்ளியில் கரடியைப் பற்றிய அந்தப் பிள்ளைகள் புத்தகத்தை வாங்கியிருந்த வீடுகளில் எல்லாம் கரடி பக்கத்தை விட்டு இறங்கிவிட்டது. படத்தில் எந்த அளவோ அதே அளவு, ஒரு சாண் உயரம். இருந்த இடத்தில் கரடி வடிவில் வெள்ளைக் காகிதம் மட்டும் மிஞ்சியது. அவை யாரையும் கடிக்கவில்லை. பிரிட்ஜ் மேல் ஏறி உட்கார்ந்தன. வாசக்காலில் கரையான் தேடின. மூக்கை மூடிக்கொண்டு அவை உறிஞ்சிய சத்தத்தை, முதல் ஷிப்டுக்குக் கிளம்பியவர்கள் பக்கத்து வீட்டு மிக்ஸி என்று நினைத்தார்கள்.

புத்தகத்தை இரண்டு பேர் சேர்ந்து எழுதியிருந்தார்கள். வினோதா அஞ்செட்டிக் காட்டில் கரடிகளை ஆராய்ந்தவள், மூக்கண்டப்பள்ளியில் வாடகைக்குக் குடியிருந்தாள். ஜெயமணி அந்தக் காட்டோரத்து இருளர் வீட்டுப் பெண். கரடிக்கு மேல்வரிசையில் முன்பல் இரண்டு கிடையாது, அந்தச் சந்து வழியாகத்தான் கரையானை உறிஞ்சுகிறது என்று இடப்பக்கத்தில் வினோதா எழுதினாள். கரையான் வீடு கட்டியபோது வாசக்காலுக்குத் தன் பல் இரண்டைக் கடனாகக் கொடுத்த கரடி, அதைத் தேடித்தான் இன்னமும் புற்றுப் புற்றாகத் தோண்டுகிறது என்று வலப்பக்கத்தில் ஜெயமணி சொன்னாள். எது நிஜமென்று பிள்ளைகள் குழம்பிவிடும் என்று பதிப்பாளர் அச்சுக்குப் போகும் நேரத்தில் கதையை எடுத்துவிட்டார். புத்தகம் கைக்கு வந்த பிறகுதான் வினோதாவுக்கே அது தெரிந்தது. ஜெயமணி முகத்தில் எப்படி விழிப்பது என்று நாளைத் தள்ளிக்கொண்டிருந்தவள், கரடி இறங்கியதும் வேறு வழியில்லாமல் அதையும் புத்தகத்தையும் பையில் போட்டுக்கொண்டு ஜெயமணி ஊருக்குப் பஸ் ஏறினாள். மடியில் வைத்துக்கொண்டால் டிக்கெட் வேண்டாம் என்றார் கண்டக்டர்.

ஜெயமணி புத்தகத்தை வாங்கிக் கடைசிவரை புரட்டினாள்.

"நம்ம கதை புஸ்தகத்துல வருதுன்னு ஊருக்கே சொல்லி வெச்சிருக்கேங்க்கா."

அதற்குள் கரடி பையிலிருந்து இறங்கி ஜெயமணியின் காலடியில் உட்கார்ந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பாதிய எடுத்துட்டா மீதி எப்படி நிக்கும்? அதான் எறங்கிருச்சு," என்றாள்.

அவள் கதையைச் சொல்லி முடித்தபோது கரடியின் பின்பாதி பக்கத்துக்குள் போயிருந்தது. முன்பாதி வெளியே உட்கார்ந்து வினோதாவைப் பார்த்தது. வினோதா இடப்பக்கத்துப் பல் சமாச்சாரத்தைச் சத்தமாகப் படித்ததும் அதுவும் உள்ளே போனது. இருவரும் சிரித்துவிட்டார்கள்.

மறுநாள் முதல் இருவரும் மூக்கண்டப்பள்ளியில் வீடு வீடாகப் போனார்கள். ஒரு வீட்டில் தமிழில், அடுத்ததில் கன்னடத்தில், அதற்கடுத்ததில் தெலுங்கில் ஜெயமணி கதை சொன்னாள். எல்லாக் கரடிகளும் எல்லா மொழியும் அறிந்திருந்தன. கதையைப் பாதியில் நிறுத்தினால் கரடி மறுபடி இறங்கும் என்பதைப் பிள்ளைகள் சீக்கிரமே கண்டுபிடித்து, பள்ளி விடுமுறைகளில் பாதியிலேயே நிறுத்தத் தொடங்கினார்கள். பதிப்பாளர் எடுத்த கதையைத் திரும்பச் சேர்த்து, அட்டையில் ஜெயமணியின் பெயரை முதலில் போட்டு மறுபதிப்புக் கொண்டுவந்தார். அவர் வீட்டிலும் ஒரு பிரதி இருந்தது.

அடுத்த புத்தகம் யானையைப் பற்றியது என்று தெரிந்ததும் வினோதாவின் வீட்டு உரிமையாளர் முத்துமணி மாடிக்கு வந்தார்.

"எழுதுங்கம்மா, வேணான்னு சொல்லல. படத்த மட்டும் கொஞ்சம் சின்னதாப் போடச் சொல்லுங்க. நம்ம மாடிப்படி குறுகல்."

நியாயம்தான் என்றாள் ஜெயமணி. வினோதா டேப்பை எடுத்துக்கொண்டு மாடிப்படியை அளக்கப் போனாள்.