முதல் தட்டு கமா

முதஷ்ஷர் வாயைத் திறக்காதவன். சமாவாப் பாலையில் மழைக்குப் பிறகு மண்ணுக்கடியில் விளையும் கமா காளான் அவனுக்கு எங்கே கிடைக்கிறது என்று ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது. தோண்டிய குழியை மூடி, வண்டித் தடத்தைச் செடிக்கிளையால் பெருக்கிவிட்டுத்தான் திரும்புவான். ஏழு வருஷமாக மாமனார் வீட்டு விருந்தில் முதல் தட்டு கமா அவன் கொண்டுபோனதுதான். அந்த ஒரு நாள் மட்டும்தான் அந்த வீட்டில் அவன் பேச்சு எடுபடும். மற்ற நாளெல்லாம் ஆடு மேய்க்கும் மைத்துனன் ஷலாஷின் ராஜ்யம்.

வாயைக் கட்டிய மகராசன் கைபேசியைக் கட்டவில்லை. இந்த வருஷம் முதல் கமாவே முஷ்டி அளவு வந்தது. வெடித்த மண்ணோடு சேர்த்துப் படம் எடுத்து ஷலாஷுக்கு அனுப்பினான். சாதாரணமாக அனுப்பினால் படம் மங்கிவிடும், மைத்துனனுக்கு வயிறு சரியாக எரியாது. அதனால் தெளிவு குறையாமல் கோப்பாகவே அனுப்பினான். மறுநாள் காலை போய்ப் பார்த்தால், அவன் இடத்தில் நான்கு வண்டிகள் நின்றன.

"வாங்க மச்சான், டீ கொதிக்குது," என்றான் ஷலாஷ், குனிந்து தோண்டியபடியே.

முதஷ்ஷர் டீயைக் குடித்தான், வேறென்ன செய்வது? வீட்டுக்கு வந்து மனைவி நோஃபாவிடம் புலம்பித் தீர்த்தான். அவள் அந்தப் படத்தைத் திறந்து விரலால் மேலே தள்ளினாள். எடுத்த நாள், நேரம், அதற்குக் கீழே வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி.

"தடத்தையெல்லாம் பெருக்கிட்டு, விலாசத்த எழுதி அனுப்பிட்டீங்க," என்றாள். "கூப்பிட்டா என் தம்பி வராம இருப்பானா?"

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை விருந்து, தட்டில் வைக்க ஒன்றுமில்லை. அன்றைக்கே ஒரு செயலியை இறக்கி, வேறொரு கமா படத்தில் இடத்தை மாற்றினான். தெற்கே இரண்டு மணி நேரம் தள்ளி, ஆடுகூட எட்டிப்பார்க்காத கல்லுக்காடு. பொய் சொல்ல அவனுக்குக் கூசும். ஆனால் சொல்வது படம்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டு, புள்ளியும் கூடவே போகட்டுமென்று அதையும் கோப்பாகவே அனுப்பினான். விடிந்ததும் நான்கு வண்டிகளும் தெற்கே பறந்தன. அவன் தனியாகத் தன் பழைய இடத்துக்குப் போய் மிச்சம்மீதியைத் தோண்டினான். அரைத் தட்டு தேறியது.

வியாழன் மத்தியானம் ஷலாஷிடமிருந்து ஒரு படம் வந்தது. விரித்த போர்வை நிறையக் கமா. கூடவே குரல் பதிவு: "மச்சான், நீங்க காட்டின எடத்துல வெறுங்கல்லுதான். இவ்வளவு தூரம் வந்தாச்சேன்னு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனோம். நீங்க நல்லா இருக்கணும்."

முதஷ்ஷர் பதறிப்போய்ப் படத்தை மேலே தள்ளினான். நாள் இல்லை, நேரம் இல்லை, புள்ளியும் இல்லை. துடைத்து வைத்தாற்போல் இருந்தது. இத்தனை விவரம் அந்த ஆட்டுக்காரனுக்கு ஏது என்று வாய்விட்டே கேட்டான்.

"நாந்தான் சொல்லிக் குடுத்தேன்," என்றாள் நோஃபா, அரைத் தட்டுக் கமாவை மண் போகக் கழுவிக்கொண்டே. "எங்க போறோம்னு எங்கிட்ட சொல்லிட்டுத்தான் அவன் கிளம்பினான். ஏழு வருஷத்துல நீங்க ஒரு தடவை சொல்லியிருந்தா, உங்க படத்துலயும் அழிச்சுக் குடுத்திருப்பேன்."