சந்தாவை நிறுத்திய மாதம்

தாலுகா அலுவலகத்தில் உதவியாளராக இருக்கும் ஜெயசித்ரா, இருபது வருடத்துக்கு மேல் உறுப்பினராக இருந்த ஊழியர் சங்கத்திலிருந்து போன ஆவணியில் விலகினாள்.

மாநில மாநாட்டுக்காகச் சந்தா கூடுகிறது என்று வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்திருந்தது. வரவேற்பு வளைவு, ஃப்ளெக்ஸ், தலைவர்கள் வந்துபோகக் கார். 'இதை எங்கே வைத்து முடிவு செய்தீர்கள்?' என்று எழுதிக் கேட்டாள். மறுநாள் பார்த்தால், அட்மின் மட்டுமே எழுதலாம் என்று குழுவை மாற்றியிருந்தார்கள்.

விலகல் கடிதத்தைக் கிளைச் செயலாளர் இசக்கித்துரையிடம் நேரில் கொடுத்தாள். பக்கத்து மேசைக்காரர்தான். படித்ததும் அவர் முகம் சுருங்கிவிட்டது.

"ஸ்ட்ரைக்கப்போ ஒன் வீட்டுக்கு அரிசி வந்ததை மறந்துட்டியா, ஜெயா?"

"மறக்காததுனாலதான் அண்ணாச்சி கேக்கேன்."

அது இரண்டாயிரத்து மூன்று. வேலைக்குச் சேர்ந்த மறுவருடமே வேலைநிறுத்தம். அரசு கூண்டோடு வேலையை விட்டு நீக்கியது. ஜெயசித்ராவுக்குக் கைக்குழந்தை. வாசுதேவநல்லூர்க் கிளைச் சங்கத்துக்காரர்கள் அரிசியை பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள். எல்லோரும் தினமும் ஒரு டீக்கடை முன்னால் கூடி, சங்கப் பணத்தை எதற்குச் செலவழிப்பது என்று சண்டை போடுவார்கள்.

"மொதல்ல வக்கீலுக்குக் குடுங்க" என்பார் ஒருவர்.

"வக்கீலு பசிச்சு அழுவாரோ? பச்சப்புள்ளைக்குப் பால்மாவு வாங்குங்கவே!" என்று அலுவலக உதவியாளர் முத்துத்தாய் சத்தம் போடுவாள். டீ ஆறிப்போகும். வேலை திரும்பக் கிடைக்காத அந்த நாட்களில்தான் ஜெயசித்ரா அதிகம் சிரித்தாள். தனக்கு இத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற தெம்பு அதற்குப்பின் வரவேயில்லை.

"அன்னைக்கு வாய் விட்டுக் கேட்டோம். இப்போ வாயைப் பூட்டி வச்சிருக்கிய" என்றாள்.

இசக்கித்துரை கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அடுத்த மாதம் சம்பளத்தில் சந்தா பிடிக்கவில்லை. நிம்மதிக்குப் பதில், சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போகாமல் விட்டதுபோல் இருந்தது அவளுக்கு.

புரட்டாசிக் கடைசியில் இசக்கித்துரை அவள் மேசைக்கு வந்தார். "சாயந்தரம் வேப்பமரத்தடியில கூட்டம் போடுதேன். கணக்கை வாசிக்கப் போறேன். வா."

"நான்தான் மெம்பர் இல்லையே?"

"இருந்து கேளு. யாரு தடுக்கா?"

இருபது பேர் போல வந்திருந்தார்கள். வளைவுக்குக் கிளைப் பணம் கிடையாது என்றான் புதிதாக வந்த பாண்டியராஜ். மாநாடு என்றால் வளைவு இல்லாமலா என்று மூத்தவர்கள் எகிறினார்கள். ஒருவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தே போய்விட்டு, மறுபடி வந்து உட்கார்ந்தார். அந்தக் கூச்சலில் ஜெயசித்ராவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"சரி, வளைவு வேண்டாங்கறவங்க கை தூக்குங்க."

தன்னை அறியாமல் அவளும் தூக்கிவிட்டாள். எண்ணிக்கொண்டே வந்த இசக்கித்துரை அவளிடம் நின்றார்.

"இது சேராது, தாயி."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தபடி கையை இறக்கினாள். அது இல்லாமலேயே வளைவு தோற்றது.