கம்பளி ஆசனம்

மன்னார்குடிக்குத் தெற்கே ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர் நிலத்தில் நெடுமாறன் மருந்தடிக்காமல் நெல் விளைவித்துக்கொண்டிருந்தான். அதே நிலத்தில் அவன் அப்பா கூலிக்கு நாற்றுப் பறித்தவர். நிலத்துக்காரர்கள் சென்னையோடு போய்விட்ட பிறகு குடும்பமே சேர்ந்து பாடுபட்டு அதை வாங்கியது. பெரிய தெருவில் சிலர் இன்னமும் அதைப் பழைய முதலாளியின் பேரைச் சொல்லித்தான் குறிப்பிடுவார்கள். நெடுமாறன் காதில் விழாததுபோல் நடந்துவிடுவான். அவன் மனைவி மலர்க்கொடியால் அது முடியாது. 'அது எங்க வயலுங்க' என்று நின்று சொல்லிவிட்டுத்தான் நகர்வாள்.

வயலுக்கு எருவாகட்டும் என்று பெரம்பலூர்ப் பக்கமிருந்து கறுப்புச் செம்மறிகளை வாங்கி வந்திருந்தான் நெடுமாறன். மற்ற ஆடுகளைப்போல் இல்லை, இவற்றுக்கு ரோமம் அடர்த்தி. அடைமழையில் நனைந்தால் லேசில் காயாது, உண்ணியும் ஏறும். அதனால் கத்தரித்துவிட வேண்டியிருந்தது. முதல் வருடம் கத்தரித்ததையெல்லாம் தென்னைமரத்தடியில் கொட்டி மண்ணைத் தள்ளினான்.

மலர்க்கொடி கல்யாணத்துக்கு முன் கோயம்புத்தூர்ப் பக்கம் நூல்மில்லில் வேலை பார்த்தவள். மில்லை விட்டு வந்தபோது இருமலைத் தவிர எதுவும் கொண்டுவரவில்லை என்றே நினைத்திருந்தாள். அந்தக் குவியலிலிருந்து ஒரு பிடி எடுத்துச் சும்மா முறுக்கிப் பார்த்தாள். விரலுக்கு அடங்கி இழை வந்தது. அன்றைக்குச் சோற்றை மறந்து முறுக்கிக்கொண்டே இருந்தாள். கரூர்ப் பக்கம் கம்பளி நெய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று விசாரித்து, நாத்தனார் பொறுப்பில் வீட்டை விட்டுவிட்டுப் போய்த் தங்கிக் கற்றுக்கொண்டு வந்தாள். ஆட்டுக்கொட்டகையை ஒட்டி நெடுமாறனே குழி வெட்டித் தறி போட்டுக் கொடுத்தான். பூந்திக்கொட்டை போட்டு ரோமத்தை அலசி, காயவைத்து, சிக்கெடுத்து, நூற்று, தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்குப் புளியங்கொட்டைக் கஞ்சி தடவி அவள் முதல் கம்பளியை நெய்து முடித்தபோது பங்குனி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. பார்த்தவர்கள் சிரித்தார்கள். இந்த ஊரில் போர்த்திக்கொள்ள யாருக்குக் குளிருகிறது?

இயற்கை விவசாயச் சந்தை ஒன்றில் அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் அதை விரித்து வைத்திருந்தாள். கும்பகோணத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கும் ஆனந்தவல்லி அம்மாள் அங்கேதான் வந்தார். தடவிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், சம்மணமிட்டு உட்கார்ந்தும் பார்த்தார்.

"இதயே சின்னதா, ஒருத்தர் உக்கார்ற அளவுக்கு நெய்ஞ்சு குடும்மா. ஜபம் பண்றவங்க தேடிக்கிட்டு இருக்காங்க. கம்பளிக்குத் தீட்டே கிடையாது. எங்க வேணா விரிச்சு உக்காரலாம்."

அதிலிருந்து மலர்க்கொடிக்குத் தறிதான் உலகம். கறுப்பு ஆசனத்தின் இரு ஓரத்திலும், மந்தையில் இருந்த ஒரே வெள்ளை ஆட்டின் ரோமத்தில் மெல்லிய கோடு ஓட்டினாள். ஆனந்தவல்லி அம்மாளுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. நெய்தவர் பேரையும் ஊரையும் துணியில் அச்சடித்துத் தைக்கலாம் என்று அவராகவேதான் சொன்னார். யார் கையால் வந்தது என்று தெரிந்தால் வாங்குகிறவர்களுக்கு ஒரு நிறைவு என்றார். மலர்க்கொடி தறியில் உட்கார்ந்திருப்பதைப் படம் பிடிக்க நேரிலேயே வருவதாகவும் சொன்னார்.

வந்தார். பெரிய தெருவில் காரை நிறுத்தி வழி கேட்டிருக்கிறார். நெடுமாறன் என்றதும், காலனி நெடுமாறனா என்று கேட்டு வழி காட்டியிருக்கிறார்கள்.

மலர்க்கொடி மாதுளை நிறப் புடவை கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். காரை விட்டு இறங்கியவரின் முகத்தில் சிரிப்பு இருந்தது, ஆனால் போனில் பேசுகிற மனுஷி அதில் இல்லை. மோர் கொண்டுவந்து நீட்டியபோது இன்றைக்கு விரதம் என்றார். கூட வந்திருந்த படம் எடுக்கிறவர்களிடம் ஆடுகளைப் பிடிக்கச் சொன்னார், வயலைப் பிடிக்கச் சொன்னார். குட்டியை நெடுமாறன் தோளில் போட்டுக்கொண்டு நின்றதையும் பிடித்தார்கள். தறிக்கொட்டகையில் வெளிச்சம் போதவில்லையாம். மலர்க்கொடி தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்தபடியே கார் கிளம்பும் சத்தத்தைக் கேட்டாள்.

சில நாள் கழித்துப் போன் வந்தது. சுற்றி வளைத்துப் பேசிக்கொண்டே வந்தார் ஆனந்தவல்லி அம்மாள். தனக்கு எந்த வித்தியாசமும் கிடையாது என்றார். வாங்குகிறவர்கள் ஆசாரம் பார்க்கிறவர்கள், பேரைப் போட்டால் ஊரைக் கேட்பார்கள், ஊரைச் சொன்னால் தெருவைக் கேட்பார்கள் என்றார். ஆகவே ரோமத்தை மட்டும் கொடுத்துவிடுங்கள், வேறிடத்தில் நெய்துகொள்கிறோம் என்று முடித்தார்.

மலர்க்கொடி கேட்டாள்: "கம்பளிக்குத் தீட்டே கிடையாதுன்னீங்களே?"

"அதனாலதாம்மா ரோமத்த எடுத்துக்கிறேங்கிறேன். அது எங்கேருந்து வந்தாலும் சுத்தம்."

"அப்ப என் கைக்குத்தான் இருக்குன்னு சொல்றீங்க."

மனசில் வைத்துக்கொள்ளாதே என்று சொல்லிவிட்டு அம்மாள் போனை வைத்துவிட்டார்.

புருஷனிடம் சொன்னால் அவன் கொதித்துப்போவான் என்றுதான் மலர்க்கொடி நினைத்தாள். ஆனால் அவள் சொன்னதைக் கேட்ட நெடுமாறன் வரப்பில் மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு நெடுநேரம் கையைக் கழுவினான். அதற்குள் அந்த அம்மாள் அவனிடமும் பேசியிருந்தார். எப்படியும் கத்தரித்தாக வேண்டும், மண்ணில் போவது அங்கே போகட்டுமே என்றான். ஆசனத்தை விற்க வேறு ஆள் பார்க்கும்படி அவளிடம் சொன்னான். அந்த வேறு ஆளும் ஒருநாள் வழி கேட்டுத்தானே இங்கே வருவான் என்றாள் அவள்.

"ஒவ்வொருத்தங்கிட்டயும் நின்னு சண்ட போட எனக்குத் தெம்பு இல்ல மலரு" என்றான். அவன் சொன்னது பொய்யில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

தறியில் பாதியில் நின்ற ஆசனத்தை நெய்து முடித்தாள். நெய்தவரைக்கும் விட்டுவிட்டுப் பாவு நூலை அறுத்துப் போட மனம் வரவில்லை. அதற்கப்புறம் அந்தப் பக்கம் போகவில்லை. அடுத்த ரோமம் மூட்டையாகக் கும்பகோணம் போயிற்று.

ஆடி மாதம் நாத்தனார் ரெங்கம்மாள் போனை நீட்டி, உங்க ஆடு விளம்பரப் படத்தில் வருகிறதே என்றாள். வயல் வந்தது, குட்டியோடு நெடுமாறன் வந்தான், காவிரி மண்ணில் மருந்து படாமல் மேய்ந்த ஆடுகளின் ரோமம் என்று ஒரு பெண்குரல் சொன்னது. பிறகு யாரோ ஒருவருடைய கைகள் தறியில் ஓடின. ஓரத்தில் வெள்ளைக் கோடு. ஆட்டுக்கு இருக்கிற இடம் தனக்கு இல்லை என்று மலர்க்கொடி சொல்லவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அரிசி களையப் போனாள்.

அடுத்த முறை கத்தரிக்கும்போது ஆட்டைப் பிடிக்க அவள்தான் வர வேண்டியிருந்தது. ஒற்றை ஆளாகக் கத்தரித்தால் ஆடு துள்ளிக் காயப்பட்டுவிடும். காலைச் சேர்த்துப் பிடித்து மடியில் சாய்த்துக்கொண்டாள். நெடுமாறன் ஏதோ பேச்சுக் கொடுத்தான். அவள் ஆட்டை மறுபக்கம் திருப்பிப் பிடித்தாள். ஆட்டின் வயிறு அவள் கைக்கடியில் திடுக்திடுக்கென்று ஏறி இறங்கியது.

மூட்டை எடுக்க ஆனந்தவல்லி அம்மாளே வந்தார். மூட்டைக்குள் கைவிட்டு ரோமத்தை அள்ளிப் பார்த்து, போன தடவையைவிட மெத்தென்று இருக்கிறது என்றார். மலர்க்கொடியிடம் உடம்பு எப்படியிருக்கிறது என்று விசாரித்தார். பிறகு கொட்டகைப் பக்கம் பார்த்துக்கொண்டே,

"தறி சும்மாதானே கெடக்கு? குடுக்கிறதுன்னா சொல்லுங்க. அங்க நெய்யிறவங்களுக்கு ஆவும்" என்றார்.

நெடுமாறன் தோளில் மூட்டையோடு நின்றுவிட்டான். அவன் முகம் செத்துப்போயிருந்தது. மலர்க்கொடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தாள்.

அவன் குனிந்து மூட்டையைக் கார் டிக்கியில் வைத்தான்.

"தறி விக்கிறதுக்கு இல்லீங்க" என்றாள் மலர்க்கொடி. அவிழ்த்துவிட்ட ஆடுகளை வாய்க்கால் கரைக்கு ஓட்டிக்கொண்டு போனாள்.