ஒரே மயக்கத்தில் மூன்று

"ஆபரேஷன் மேசைமேல மூணு வேலையைச் சேர்த்துச் செய்யறது என் பாடு. வீட்டுக்குப் போனப்புறம் உங்களை யார் எழுப்பி உட்கார வைப்பாங்க? அதைச் சொல்லுங்க முதல்ல."

சர்ஜன் அம்மா இப்படிக் கேட்டதும் அண்ணி கொஞ்சமும் யோசிக்காமல் பக்கத்து நாற்காலியில் இருந்த நாத்தனார் சின்னவளைக் காட்டினாள். சர்ஜன் சின்னவளை மேலும் கீழும் பார்த்தார். கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் வேலை செய்பவள் சின்னவள். மூக்குக்கண்ணாடியைவிடப் பெரிய பாரத்தைத் தூக்கிப் பழக்கமில்லாத கைகள். அந்தக் கைகளை அவள் மடியில் ஒளித்துக்கொண்டாள்.

அண்ணிக்கு முடி வெட்டும் தொழில். இரண்டு வருடமாக வாயைக் கட்டி, நடையாய் நடந்து, பாதி ஆளாக இளைத்திருந்தாள். உடம்பு இளைத்ததே தவிர, தோல் இளைக்க மறுத்துவிட்டது. வயிற்றில் மடிந்து தொங்கிய தோலின் அடியில் வேர்த்துப் புண்ணானது. கத்தரிக்கோலோடு கையைத் தூக்கினால் மேற்கைத் தோல் ஊஞ்சலாடுவது எதிர்க் கண்ணாடியில் தெரிந்தது. வாடிக்கையாளர்கள் தங்கள் முடியைப் பார்க்காமல் அதைப் பார்ப்பதாக அவளுக்கு எண்ணம். கண் இமைகளும் சரிந்து, நன்றாகத் தூங்கி எழுந்த நாளிலும் "ராத்திரி தூங்கலையா?" என்ற விசாரிப்பு. வயிறு, கை, கண் மூன்றையும் ஒரே தடவையில் முடித்துவிட வேண்டும் என்று அவள் வந்திருந்தாள்.

"ஒரு தடவைதான் லீவு போட முடியும் டாக்டர். அதுக்கு மேல போனா என் கஸ்டமரெல்லாம் பக்கத்து நாற்காலிக்குப் போயிடுவாங்க."

சர்ஜன் முடியாது என்று சொல்லவில்லை. ரத்தத்தில் குறை இல்லை, சர்க்கரை இல்லை, புகைப்பழக்கம் இல்லை, எடையும் ஏறாமல் இறங்காமல் நிற்கிறது. உடம்பு சம்மதிக்கிறது என்றார். ஆனால் வயிற்றில் தையல் இருக்கும்போது வயிற்றை இறுக்கி எழ முடியாது. கையில் தையல் இருக்கும்போது கையை ஊன்றியும் எழ முடியாது. ரொம்ப நேரம் படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறைந்துவிடும். ஆகவே எழுந்தே ஆக வேண்டும். "அதனால ஒரு நாள் வீட்ல ஒத்திகை பாருங்க. ஆபரேஷன் ஆன மாதிரியே இருங்க. பார்த்துட்டு வந்து உள்ளதைச் சொல்லுங்க. எனக்குப் பிடிச்ச பதிலைச் சொல்ல வேண்டாம்."

வெளியே வந்து பேருந்துக்கு நிற்கும்போது அண்ணி ஒரு செய்தியை மெல்ல அவிழ்த்தாள்.

"உங்க அண்ணனுக்கு வயிறு மட்டும்தான் தெரியும்."

"என்ன அண்ணி சொல்றீங்க?"

"வயித்துல புண்ணு இருக்கு, அதைக் காட்டினேன், சரின்னுட்டார். கைக்கும் கண்ணுக்கும் எதைக் காட்டறது? அது ஆசைடி. ஆசைக்குக் காரணம் கேட்டா நான் எங்க போவேன்?"

"அப்புறம் கட்டோட வந்து நின்னா கேக்க மாட்டாரா?"

"முடிஞ்சப்புறம் தெரிஞ்சா தெரியட்டும். தைச்சதைப் பிரிக்கவா சொல்வார்?"

சின்னவள் வாயைத் திறக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். லென்ஸ் பொருத்தினால் ஒருதரம் அளந்து, இன்னொருதரம் அளந்து, கழற்றி மறுபடியும் அளப்பவள் அவள். இதை எதைக்கொண்டு அளப்பது? அண்ணனிடம் சொன்னால் கோள்காரி. நாத்தனார் என்ற பட்டத்துக்கு அது பொருத்தமாகவே அமையும். சொல்லாமல் இருந்து அண்ணிக்கு ஏதாவது ஆனால் கொலைகாரி. இரண்டுக்கும் நடுவில் ஒரு வார்த்தை தமிழிலேயே இல்லை போலிருந்தது.

அண்ணனுக்கு வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமை அவன் லாரியில் கிளம்பிப் போனதும் ஒத்திகை தொடங்கியது. சின்னவள் அண்ணியின் இரண்டு மேற்கைகளையும் கிரேப் பேண்டேஜால் சுற்றினாள். வயிற்றுக்கு மேல் ஒரு துண்டை இறுக்கிக் கட்டினாள். கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது, எதிலும் ஊன்றக் கூடாது, கூனித்தான் நடக்க வேண்டும்.

காலை நேரம் கேலியும் கூத்துமாகக் கழிந்தது. பல் தேய்த்துவிட்டபோது பாதி நுரை சின்னவளின் சட்டையில். தலை வாரிவிட்டபோது அண்ணியால் சும்மா இருக்க முடியவில்லை.

"இதுக்குப் பேர் வகிடா? மாடு நடந்த பாதை மாதிரி இருக்கு."

"ஆபரேஷன் ஆன ஆளு இவ்வளவு பேசக் கூடாது அண்ணி."

"வாயில தையல் போடறதா எந்த டாக்டரும் சொல்லலையே."

வினை கழிப்பறையில் காத்திருந்தது. அந்த வீட்டில் கம்மோடு கொஞ்சம் தாழ்வு. உட்காரும்போது ஒன்றும் தெரியவில்லை. எழும் நேரம் வந்ததும் சின்னவள் முன்னால் நின்று, அண்ணியின் அக்குளில் கை கொடுத்து இழுக்கப் போனாள். அங்கேதான் தையல் வரும் என்று ஞாபகம் வந்து கையை எடுத்தாள். இடுப்பைப் பிடித்தாள்; அங்கேயும் தையல். பின்பக்கம் போக இடமில்லை. கடைசியில் முதுகைக் கட்டிப்பிடித்துத் தூக்கினாள். அண்ணி அரையடி எழுந்து, அப்படியே பக்கவாட்டில் சரிந்து, சுவருக்கும் வாஷ்பேசினுக்கும் நடுவில் போய் மாட்டிக்கொண்டாள். மேலே சின்னவள்.

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், விழுந்தே கிடந்ததால். பிறகு சிரிப்பு தானாக நின்றது.

"சரி, கையை ஊனி எந்திரிச்சுக்கறேன். நகரு."

"ஊனக் கூடாது அண்ணி."

"ஏய், இது ஒத்திகைடி. யார் பார்க்கப் போறா?"

"நிஜத்துலயும் யாரும் பார்க்க மாட்டாங்க. நான் மட்டும்தான் இருப்பேன்." சின்னவள் நகரவில்லை. "இப்ப நீங்க சரிஞ்சீங்களே, நிஜமா இருந்தா எது பிரிஞ்சிருக்கும்? வயிறா, கையா?"

அண்ணி குழாய் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பார்வையைத் திருப்பாமலே சொன்னாள்: "டாக்டர்கிட்ட நல்லா நடந்துச்சுன்னு சொல்லிடு. நாள் குறிச்சாச்சு. கடையில சொல்லியாச்சு. இன்னொரு தடவை இந்தத் துணிச்சல் எனக்கு வராது."

அப்போதுதான் வாசல் பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது. சாமான் இறக்க வேண்டிய கட்டடத்தில் லிஃப்ட் பழுதாம். வேலை மறுநாளைக்குத் தள்ளிப்போய்விட்டது. அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே கை கழுவ வந்தான். கழிப்பறை வாசலில் நின்றான். மனைவி கையெல்லாம் கட்டோடு சுவரோரம் மாட்டியிருக்கிறாள். தங்கை அவள்மேல் கொடி மாதிரி தொங்குகிறாள்.

"என்னாச்சு? கையில என்ன கட்டு?"

அண்ணி சின்னவளைப் பார்த்தாள். ஒரு பொய் சொன்னால் போதும். வழுக்கிவிட்டது என்று சொன்னாலே போதும். சின்னவள் வாயைத் திறந்தபோது பொய்தான் வரப்போகிறது என்று அவளே நம்பினாள்.

"ஆபரேஷன் மூணுண்ணா. வயிறு மட்டும் இல்ல. கையும் கண்ணும். ஒத்திகை பார்த்தோம். என்னால தூக்க முடியல."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். இடி விழுந்தால் விழட்டும்.

அண்ணன் முதலில் தங்கையை நகரச் சொன்னான். மனைவியின் இரண்டு பாதங்களையும் பின்னுக்கு இழுத்து வைத்தான். தன் முழங்காலை அவள் முழங்காலுக்கு அணையாகக் கொடுத்தான். ஒரு கையை முதுகுத்தண்டிலும் ஒரு கையைத் தொடைக்குக் கீழும் வைத்தான். "முன்னால சாய். என் தோள்ல தாடையை வை. நீ எழுந்திரிக்காத, நான் எழுந்திரிக்கிறேன்." அவன் எழுந்தான். அவளும் கூடவே வந்துவிட்டாள்.

"பீரோவை ஒத்த ஆளா தூக்கலாம்னு யார் உங்களுக்குச் சொன்னது?" என்றான். பிறகு போய் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டான்.

பீரோ என்றதற்கு அண்ணிக்கு அந்த நிலையிலும் கோபம் வந்தது. கூனியபடியே பின்னால் போனாள். "சொன்னா வேணாம்னு சொல்லியிருப்பீங்க."

"சொல்லியிருப்பேன்."

"அதான் சொல்லல."

"நான் வேணாம்னு சொல்லி நீ என்னிக்கு நிறுத்தியிருக்க? நான் பாட்டுக்கு வேணாம்பேன், நீ பாட்டுக்குச் செய்வ. இத்தனை வருஷமா குடும்பம் அப்படித்தானே ஓடுது. இதுக்கு மட்டும் எதுக்கு என்னைத் தாண்டிப் போன?" அவன் குரல் தணிந்தது. "நான் லாரியில எங்கயாவது இருப்பேன். வயிறுதானே, இந்நேரம் முடிஞ்சிருக்கும்னு நினைச்சுட்டு டீ குடிச்சிட்டு இருந்திருப்பேன்."

அண்ணி பக்கத்தில் போய் நின்றாள். கையைத் தூக்கக் கூடாது என்பதால் நெற்றியை அவன் தலைமேல் சாய்த்தாள். சின்னவள் இருவரையும் விட்டுவிட்டுப் போய், ஈரமான கழிப்பறைத் தரையைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த இடத்தையும் துடைத்தாள்.

அடுத்த முறை சர்ஜனிடம் மூன்று பேராகப் போனார்கள். விழுந்தது வரைக்கும் சின்னவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். சர்ஜன் சிரிக்கவில்லை. "ஆள் ரெண்டாச்சு. அப்ப வயிறும் கையும் சேர்த்துச் செய்யலாம். கம்மோடுமேல உயரமா ஒரு சீட் வாங்கி மாட்டுங்க. கண்ணு கடைசியில, நேரம் இருந்தா, உடம்பு ஒத்துழைச்சா. மயக்க டாக்டர் போதும்னா நான் அங்கேயே கத்தியைக் கீழே வெச்சிடுவேன். ஏன் முடிக்கலைன்னு சண்டைக்கு வரக் கூடாது."

"மாட்டேன்," என்றாள் அண்ணி, சண்டைக்காரியின் குரலில்.

அறுவை நாளன்று அண்ணனும் சின்னவளும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் எதிரே இருந்த சோபாவை எப்படி வாசல் வழியாக வெளியே எடுக்கலாம் என்று கண்ணாலேயே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லியிருந்த நேரத்துக்குக் கொஞ்சம் முன்னதாகவே கதவு திறந்து சர்ஜன் வந்தார். சின்னவள் எழுந்து நின்றாள். சீக்கிரம் வருகிறார்கள் என்றால் என்ன அர்த்தம்?

"நல்லா இருக்காங்க," என்றார் சர்ஜன், எடுத்த எடுப்பிலேயே. "வயிறு முடிஞ்சுது, கை முடிஞ்சுது. கையில கொஞ்சம் நேரம் இழுத்துடுச்சு. உடம்பு குளிர ஆரம்பிச்சுது. போதும்னு நிறுத்திட்டோம். கண்ணைத் தொடல. அது சின்ன வேலை, இன்னொரு நாள் மரத்துப்போற ஊசி போட்டே செஞ்சுக்கலாம்."

அண்ணன் இரண்டு கையாலும் முகத்தை அழுத்தித் துடைத்தான். சின்னவளுக்கு நின்றுபோன மூச்சு திரும்பி வந்தது. வந்த கையோடு அடுத்த கவலையும் வந்தது.

"கண்ணு ஆகலைன்னு அண்ணிகிட்ட யார் சொல்றது?"

"நீதான். உண்மை சொல்றதுல நீ பழகிட்ட."

"நீங்கதான் புருஷன்."

"அதனாலதான் சொல்றேன், நீ சொல்லு."

கண் விழித்தபோது அண்ணியின் உதடு வறண்டிருந்தது. முழங்காலுக்கு அடியில் தலையணை, போர்வைக்குள்ளிருந்து இறங்கிய வடிகுழாய்கள், கட்டிலின் இருபுறமும் அண்ணனும் சின்னவளும். "மூணும் ஆச்சா?" என்றாள்.

"ரெண்டு அண்ணி." சின்னவள் போர்வையைச் சரிசெய்தாள். "கண்ணு மட்டும் விட்டுட்டாங்க. உங்களுக்குக் குளிர்ந்துடுச்சாம். நல்லதுக்குத்தான்."

அண்ணி மேற்கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். திட்டு வரும் என்று சின்னவள் காத்திருந்தாள்.

"அப்பாடா," என்றாள் அண்ணி. "மயக்க ஊசி போடறப்ப அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன். ரெண்டோட விட்டுடுங்கன்னு. அதுக்குள்ள தூங்கிட்டேன்."

"உங்களுக்குப் பயமா இருந்துச்சா?"

"இல்லாம? நான் என்ன நிஜ பீரோவா?" சிரிப்பு வந்து வயிற்றைப் பிடித்தது. "ஐயோ, சிரிக்க வைக்காதீங்க, பாவிகளா."

அன்று சாயங்காலமே நடக்க வைக்க வேண்டும் என்று நர்ஸ் வந்தார். அண்ணன் முழங்காலை அணை கொடுத்து, முதுகில் கை வைத்து அவளை எழுப்பினான். எதுவும் பிரியவில்லை, எங்கும் சரியவில்லை. நர்ஸ் அவள் கெண்டைக்காலை அழுத்திப் பார்த்துத் தலையசைத்தார். சின்னவள் வடிகுழாய்ப் பைகளைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நடந்தாள். கட்டிலிலிருந்து ஜன்னல் வரைக்கும், அங்கிருந்து திரும்பி வாசல் வரைக்கும், அடி அடியாக.

வாசலில் அண்ணி நின்று மூச்சு வாங்கினாள். தலையை மட்டும் திருப்பி நாத்தனாரைப் பார்த்தாள்.

"ஏண்டி, தையல் எனக்கு. நீ எதுக்குக் கூனிக்கிட்டு வர? நிமிர்ந்து நட."

சின்னவள் நிமிர்ந்தாள்.