ஒரு முழம் தள்ளி

சரக்கு வண்டியின் கடைசிப் பெட்டியைத் தண்டவாளத்தில் பொருத்தும்போது அவளுடைய இடது கைச் சுண்டுவிரல் மடங்க மறுத்தது. போன மழைக்காலத்தில் பல் டாக்டர் அதைப் பின்பக்கமாக வளைத்து முறித்ததிலிருந்து அப்படித்தான், கூட்டத்தில் ஒட்டாத விருந்தாளி மாதிரி தனியாக நீட்டிக்கொண்டு நிற்கிறது. பல் டாக்டர் என்பது ஊருக்கு. அவளுக்குப் புருஷன். ஊசி போட்டால்கூட வலிக்காது, பூ மாதிரிக் கை என்று அவருடைய நாற்காலியில் வாயைப் பிளந்து படுத்தவர்கள் அத்தனை பேரும் சத்தியம் செய்வார்கள். அந்தப் பூவின் லட்சணம் அவளுடைய விலா எலும்புக்குத்தான் தெரியும்.

மாடி அறை முழுக்க அவருடைய பொம்மை ரயில். பொம்மை என்று அவர் காதுபடச் சொல்லிவிட முடியாது. மேஜைமேல் மலை, குகை, ஸ்டேஷன், நடுவில் இரண்டு பாதைகள் வெட்டிக்கொள்ளும் சந்திப்பு. ஒரு நாள் உட்கார்ந்து எல்லா வண்டிகளையும் அவரே ஓட்டுவார். எந்த வண்டி எப்போது கிளம்பியது, என்ன வேகம், பாதை எங்கே மாறியது, ஒவ்வொரு கட்டளையையும் கம்ப்யூட்டர் பதிந்து வைத்துக்கொள்ளும். பிறகு எப்போது பட்டனைத் தட்டினாலும் அந்த ஓட்டம் முழுவதும் ஆள் தொடாமலே மறுபடி நடக்கும். வருகிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். பல் டாக்டருக்குப் பிளந்த வாய் என்றால் சொல்லவா வேண்டும்.

ஆனால் கம்ப்யூட்டருக்குக் கண் கிடையாது. அன்றைய கட்டளையை அப்படியே ஒப்பிக்குமே தவிர, வண்டி எங்கே நிற்கிறது என்று பார்க்காது. அதனால் பட்டனைத் தட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு வண்டியும் அன்று நின்ற அதே இடத்தில் நிற்க வேண்டும். பலகையில் வெள்ளைக் கோடுகள் போட்டிருக்கும். கோட்டில் கொண்டுபோய் நிறுத்துவது அவள் வேலை. ஒரு சாண் தள்ளி நின்றாலும் சந்திப்பில் இரண்டு வண்டிகள் முட்டிக்கொள்ளும். மழைக்காலத்தில் தூசி தட்டும்போது அதுதான் நடந்தது. அவர் கம்ப்யூட்டரை அணைத்தார், ஜன்னலைச் சாத்தினார், பக்கத்தில் வந்து, "எந்த விரலால தொட்ட?" என்று பொறுமையாகக் கேட்டார்.

அண்ணனிடம் சொன்னாள். "மாப்பிள்ளையா? எறும்பு மேல கால் பட்டாக்கூட மன்னிப்புக் கேக்கற ஆளும்மா. உன் விரல் கதவுல நசுங்கிருச்சுன்னு போன்ல அழுதாரு தெரியுமா" என்றான். விலா வீங்கியபோது மறுபடி சொன்னாள். "ஒரு தடவ என் கண்ணால பாத்தா நம்பறேன். அதுவரைக்கும் அனுசரிச்சுப் போ." அண்ணன் வீட்டில் ஒரு அறை சும்மாதான் கிடந்தது. வா என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கட்டிய துணியோடு போய்விடுவாள். அந்த வார்த்தைதான் அவன் வாயிலிருந்து வரவில்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை மதியம். கீழே அண்ணனும் அண்ணியும், டாக்டரின் ரயில் பைத்தியக்காரக் கூட்டாளிகள் இரண்டு பேரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். மாடியில் அவள் மட்டும். சரக்கு வண்டி கோட்டில் கச்சிதமாக நின்றது. கண்ணால் பார்க்க வேண்டுமாமே, பார்க்கட்டும் என்று நினைத்தாள். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. சாண் கணக்கெல்லாம் எதற்கு என்று வண்டியை ஒரு முழமே தள்ளி நிறுத்தினாள்.

எல்லோரும் மேலே வந்தார்கள். டாக்டர் பட்டனைத் தட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். வண்டிகள் தாமாகக் கிளம்பின, வளைந்தன, குகைக்குள் நுழைந்தன. அண்ணன் குழந்தை மாதிரிக் குனிந்து பார்த்தான். சந்திப்பில் கறுப்பு எஞ்சின், சரக்கு வண்டியின் நடுவயிற்றில் போய் இடித்தது. பெட்டிகள் சரிந்து கீழே கொட்டின.

கூட்டாளிகள் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார். "பரவால்ல, மெஷின்தானே" என்றார். அந்தச் சிரிப்பை அவளுக்குத் தெரியும். எல்லோரையும் வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டுத் திரும்பி வரும் சிரிப்பு அது. இவர்கள் போன பிறகு நடப்பதற்குச் சாட்சி கிடையாது.

"நான்தான் நகத்தி வச்சேன்" என்றாள்.

"தெரியாம பண்ணிட்டா, பாவம்."

"தெரிஞ்சேதான் வச்சேன்." கவிழ்ந்து கிடந்த கறுப்பு எஞ்சினை எடுத்தாள். சக்கரங்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தன. அவர் முகத்தைப் பார்த்தபடியே அதைத் தரையில் ஓங்கி அடித்தாள்.

பூ மாதிரிக் கை அவள் கன்னத்தில் காதோடு சேர்த்து இறங்கியது. அவள் விழுவதற்குள் கூந்தலைப் பிடித்து நிமிர்த்தி, முகத்தை மேஜை விளிம்பில் மோதினார். ஒரு முறை, பிறகு இன்னொரு முறை. உதடு கிழிந்து, பல் ஒன்று நாக்கில் உருண்டது. விட்டதும் மேஜைக்காலைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள். அப்பாடா, பார்த்துவிட்டான் என்றுதான் முதலில் தோன்றியது. வலி அதற்குப் பிறகே வந்தது.

கூட்டாளிகளில் ஒருவர் செருப்பைத் தேடிப் படியிறங்கினார். மற்றவர் பின்னாலேயே போனார். டாக்டர் அவள் முன்னால் குந்தி, மோவாயை மெல்லத் தூக்கி, "வாயத் திற. வலிக்குதா?" என்று கிளினிக் குரலில் கேட்டார்.

அவள் அண்ணனைப் பார்த்தாள். அவன் உடைந்த எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நீ அதத் தொட்டிருக்கக் கூடாதும்மா" என்றான்.

அவளுக்கு உள்ளே எல்லாம் அறுந்து விழுந்தது. கண்ணால் பார்த்தவனே இப்படிச் சொன்னால் இனி யாரிடம் போய்க் காட்டுவது. அழக்கூட வரவில்லை.

அப்போதுதான் அண்ணி வந்தாள். அண்ணிக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம், கல்யாணமான நாளிலிருந்து முகம் கொடுத்துப் பேசியதில்லை. வந்தவள் டாக்டரின் கையைத் தட்டிவிட்டு, அவளுடைய வாய்க்குக் கீழே உள்ளங்கையை நீட்டினாள். "துப்பு."

துப்பினாள். ரத்தத்தோடு பல்லும் விழுந்தது. அண்ணி அக்குளில் கை கொடுத்து அவளைத் தூக்கி நிறுத்தி, தன் புருஷன் பக்கம் திரும்பினாள். "கார் சாவியக் குடுங்க."

"நீ சும்மா இரு. இது அவங்க குடும்ப விஷயம்."

"குடுக்காட்டிப் போங்க. நடத்தியே கூட்டிட்டுப் போறேன். துடைச்சு விடமாட்டேன். தெரு பூரா பாக்கட்டும்."

"எங்க கூட்டிட்டுப் போவ?"

"நம்ம வீட்டுக்கு. வேற எங்க?"

டாக்டர் எழுந்து கைக்குட்டையால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டார். "மச்சான், நீங்க சொல்லுங்க" என்றார் சாந்தமாக. அண்ணன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் பாக்கெட்டுக்குள் போன கை சாவியோடு வெளியே வந்து, இறுக்கி மூடியபடி நடுவில் நின்றது. அதற்கு நேர் எதிரே அண்ணியின் கை நீண்டிருந்தது, ரத்தம் சொட்டும் உள்ளங்கையில் அந்தப் பல்லோடு.