ஞாயிற்றுக்கிழமை ஹாண்டில்

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மணிக்கட்டு வலியில் பிறந்தது. பெற்றோல் வரிசைக் காலத்தில் எல்லோரையும் போல நானும் ஒரு சைக்கிள் வாங்கினேன். வரிசை போய்விட்டது, வலி போகவில்லை. ஒரு மழை நாளில், சைக்கிளுக்கு ஹாண்டில் தெரிவுசெய்வது எப்படி, அதை எந்த உயரத்தில் பூட்டுவது என்று இணையத்தில் தேடி வாசித்தேன். ஹாண்டில் தோள் அகலத்துக்கு இருக்க வேண்டுமாம். முழங்கை இலேசாக மடிய வேண்டுமாம். மணிக்கட்டு நேராக இருக்க வேண்டுமாம். தோள்கள் காதை நோக்கி ஏறக்கூடாதாம். ஒரு மனிதர் நிம்மதியாக இருப்பதற்கு இவ்வளவு தெளிவான யோசனையை எந்தத் தத்துவ நூலிலும் நான் கண்டதில்லை. வலி வந்தவன் டாக்டரிடம் போயிருக்க வேண்டும். நான் மேசைக்குப் போய்க் கதை எழுத உட்கார்ந்தேன்.

வெள்ளவத்தைக் கடல் அன்று சாம்பல் நிறத்தில்

[கடலை விட்டுவிடுவோம். இந்தப் பக்கத்து எழுத்தாளர்களிடம் அது ஏற்கெனவே அளவுக்கு மிஞ்சி வேலை செய்துவிட்டது.]

ஹாண்டில் என்பது மனித வாழ்வின்

[மனித வாழ்வின் என்ன? சைக்கிளின் ஹாண்டில். அவ்வளவுதான்.]

அருந்ததிக்கு அந்தச் சைக்கிளை ஓட வேண்டும்.

[இது நிற்கட்டும்.]

2

அருந்ததியை நான் உருவாக்கினேன். வயது அறுபத்தொன்று. வங்கியில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர். கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், நான்காம் மாடி ஃப்ளாட்டில், கணவர் கனகசபாபதியோடு இருக்கிறார். ஒரே மகன் ஹரிசன் டொரொன்டோவில். பெற்றோல் வரிசைக் காலத்தில் அப்பா நடந்து திரிகிறார் என்று கேள்விப்பட்டு, ஹரிசன் அங்கிருந்து ஒரு ரேசிங் சைக்கிள் அனுப்பினான். ஆட்டுக்கடாவின் கொம்பு மாதிரிக் கீழே வளைந்த ஹாண்டில் உள்ள வகை.

கனகசபாபதி அதை இரண்டு தடவை ஓடினார். இரண்டாம் தடவை வீட்டுக்கு வந்தபோது முதுகு நிமிரவில்லை. அதன்பின் சைக்கிள் ஹோலில், ஷோகேசுக்கும் சோபாவுக்கும் நடுவில் குடியேறியது. ஹாண்டிலில் சுற்றிவந்த பொலித்தீனைக்கூட அவர் கழற்றவில்லை. இதை வெள்ளவத்தை வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த பொருளைப் பாவித்தால் அது சாமான். பாவிக்காமல் வைத்திருந்தால் அது பிள்ளை.

அருந்ததிக்கு ஏன் சைக்கிள் வேண்டும்? முதல் வரைவில் "உடல்நலத்துக்காக" என்று எழுதினேன். அது பொய். அருந்ததிக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. அவருக்கு எங்காவது போக வேண்டும், எங்கே என்று யாரும் கேட்கக்கூடாது. கீழே கடைக்கு இறங்கினால் கணவர் கேட்கிறார். வாசலில் செக்கியூரிட்டி, "கொஹெத நோனா?" என்று, எங்கே போகிறீர்கள் என்று, சிங்களத்தில் கேட்கிறான். ஃபோனில் டாக்ஸி பிடிக்கும் அப் மகனின் கார்டில் ஓடுவதால், அம்மா எந்தச் சந்தியில் ஏறி எந்தச் சந்தியில் இறங்குகிறார் என்பது டொரொன்டோவில் தெரியும். "அம்மா, கொட்டாஞ்சேனையில என்ன செய்யிறீங்கள்?" என்று ஒருநாள் ஃபோன் வந்தது. அவர் ஐஸ்கிரீம் குடித்துக்கொண்டிருந்தார்.

ஆகவே ஒரு விடியற்காலை அவர் சைக்கிளை லிஃப்ட்டில் இறக்கிக்கொண்டு மரைன் டிரைவுக்குப் போனார். ஓடவும் செய்தார். ஆனால் அந்த ஹாண்டிலில் முகம் முன்சில்லுக்கு மேலே தொங்கியது. பக்கத்திலேயே கடல் கிடக்க, தார் ரோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு பம்பலப்பிட்டி வரை போய் வந்தார். திரும்பி வந்தபோது சின்ன விரல்கள் விறைத்து, வீட்டுக் கதவில் திறப்பைத் திருப்ப முடியவில்லை. ஆனாலும் அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த ஒரு மணித்தியாலம் அவர் எங்கே இருந்தார் என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது.

3

இனி ஹாண்டில் மாற்றும் காட்சி. இங்கே நான் கொஞ்சம் சந்தேகப்பட்டேன். கடைக்காரர் ஒருவர் வந்து, பெரிய உண்மை ஒன்றைச் சொல்லி, எல்லோரும் வாயடைத்துப் போவதுதான் வழக்கம். நான் புறக்கோட்டையில் நஸீறாவின் சைக்கிள் கடைக்கு அருந்ததியை அனுப்பினேன். நஸீறாவுக்கு விற்கத் தெரியும். மற்ற எதுவும் அவ்வளவாகத் தெரியாது.

"வாங்க மிஸ். இதான் இப்ப எல்லாரும் கேக்குற மொடல். கொழும்பு ஃபுல்லா இதான் ஓடுது" என்று ஒரு நேரான, அகலமான ஹாண்டிலைப் பூட்டிக் கொடுத்தார்.

அது லிஃப்ட்டுக்குள் போகவில்லை. ஓடும்போது அருந்ததியின் கைகள் இரண்டும் விரிந்து, வாசலில் யாரையோ மறிப்பவர் போல இருந்தார். அடுத்த நாள் திரும்பிப் போனார்.

"அகலம் கூடிப்போச்சு, நஸீறா."

"அப்ப இத எடுங்க. நல்ல உசரம் ஈக்குது. முதுகு நோகவே நோகாது."

இரண்டாவது ஹாண்டிலைப் பிடித்தால் முழங்கைகள் காதுவரை வந்தன. பழைய சீடீபீ அரசாங்க பஸ்ஸின் ஸ்டியரிங்கைத் தொங்கிப் பிடித்தது போல அருந்ததி கொள்ளுப்பிட்டி வரை போய், அங்கிருந்து உருட்டிக்கொண்டே வந்தார். மூன்றாம் முறை அவர் எதையும் கேட்கவில்லை. கடை வாசலில் நின்று, கண்ணை மூடி, சுப்பர்மார்க்கெட்டில் தள்ளுவண்டியைத் தள்ளும்போது கைகள் எங்கே இருக்குமோ அங்கே வைத்துக் காட்டினார்.

"இந்த உயரம். இந்த அகலம். கை தானா வந்து விழுற இடத்தில பிடி இருக்கவேணும்."

நஸீறா அந்தக் கைகளைச் சுற்றி ஹாண்டில்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். இருக்கையை விடச் சற்று உயரமாக, இரு முனைகளும் உடம்பை நோக்கி வளைந்த ஒன்று சரியாக வந்து பொருந்தியது. அதற்குரிய பிரேக் பிடிகளும் கேபிளும் பூட்டினார்கள். மணிக்கட்டு நேராகும்வரை ஹாண்டிலை முன்னும் பின்னும் திருப்பித் திருப்பி இறுக்கினார்கள். வீட்டுக்கு வரும் வழியில் காலிமுகத்திடலில் அருந்ததி நிமிர்ந்து இருந்து கடலைப் பார்த்தார். [கடல் வந்துவிட்டது. இந்த ஒரு தடவை மன்னியுங்கள்.]

4

"என்ன செய்து வைச்சிருக்கிறீர் அருந்ததி?" என்று கனகசபாபதி சோபாவிலிருந்து எழும்பிவிட்டார். "பிள்ளை அனுப்பின சாமான்."

"பழைய ஹாண்டில் இந்தா இருக்கு. எறியேல்லை."

"ஞாயிற்றுக்கிழமை அவன் வீடியோவில வந்து கேட்டா?"

எனக்கு இந்த மனிதரை முதலில் பிடிக்கவில்லை. வீம்புக்காரர் என்று நினைத்து, ஓரமாக வைத்துச் சிரிக்கத்தான் கொண்டுவந்தேன். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அழைப்பை எழுதிப் பார்த்தபோது விஷயம் விளங்கியது. ஹரிசன் அம்மாவோடு எல்லாம் கதைப்பான். பிறகு, "அப்பா, சைக்கிள் எப்பிடி ஓடுது?" என்பான். "நல்லா ஓடுது ராசா" என்பார் கனகசபாபதி. கியர் பற்றி, டயர் காற்றுப் பற்றி மகன் இரண்டு மூன்று கேள்வி கேட்பான். அப்பா பதில் சொல்வார். பிறகு அழைப்பு முடிந்துவிடும். அப்பனுக்கும் மகனுக்கும் இடையில் கதைக்க வேறு ஒன்றும் மிச்சமில்லை. அவர் ஓடாத சைக்கிளைப் பற்றிப் பொய் சொல்லிச் சொல்லித்தான் மகனைத் திரையில் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்திருந்தார்.

இதை எழுதியபின் எனக்கு அவரைக் கேலிசெய்யக் கஷ்டமாகிவிட்டது. ஆனாலும் செய்கிறேன்.

ஏனென்றால் அவர் கண்டுபிடித்த தீர்வு அப்படி. ஞாயிறு பின்னேரம் அலன் கீயை எடுப்பார். ஹாண்டிலைக் கவ்விப் பிடிக்கும் மூடியில் நான்கு போல்ட்டுகள். அவற்றைக் கழற்றி, புது ஹாண்டிலைக் கேபிளோடு கீழே தொங்கவிட்டு, அதன்மேல் துவாய் போட்டு மூடுவார். பழைய கொம்பை அந்த இடத்தில் பூட்டுவார். சைக்கிளுக்குப் பக்கத்தில், பிடித்தபடி நிற்பார். அழைப்பு முடிந்ததும் எல்லாம் மறுபடி தலைகீழாக நடக்கும்.

[பழைய ஹாண்டிலில் கேபிள் இல்லையே, ஹரிசன் கவனிக்கமாட்டானா என்று நீங்கள் கேட்கலாம். அவன் சைக்கிளைக் கவனித்து எவ்வளவோ காலம். பதில் வருகிறதா என்று மட்டும் பார்க்கிறான்.]

இந்த இடத்தில் சுபோதினி எனக்கு ஃபோன் எடுத்தார். என்னிடம் இந்தக் கதையைக் கேட்ட சிறப்பு மலரின் ஆசிரியர் அவர்தான்.

"அண்ணை, ஹாண்டில் எண்டது குறியீடுதானே?"

"இல்லைப் பிள்ளை. ஹாண்டில்."

"அப்ப புலம்பெயர்வு எங்க வருது?"

"பார்சலில வருது."

"சரி, முடிவில ஆராவது விழவேணும் அண்ணை. ஆரும் விழாட்டி அது கட்டுரை."

5

சுபோதினி சொன்னதில் நியாயம் இருப்பதாகவே அப்போது எனக்குப் பட்டது. ஆகவே ஒருவரை விழுத்துவதற்கு ஆயத்தம் செய்தேன்.

அந்த ஞாயிறு ஹரிசன் வழமைபோல் சைக்கிளைப் பற்றிக் கேட்கவில்லை. அவனுக்கு வேலை போயிருந்தது. அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை போலும். அவர் குசினிக்குள் போனபின், "அப்பா, உங்களுக்கு இரவில நித்திரை வாறதோ?" என்று கேட்டான். கனகசபாபதி பழைய கொம்பைப் பிடித்தபடியே நின்று, தனக்கும் அந்த வயதில் நித்திரை வராத காலம் ஒன்று இருந்ததைச் சொன்னார். மகன் கேட்டுக்கொண்டே இருந்தான். இருவரும் நெடுநேரம் கதைத்தார்கள். திரை அணைந்தபின் மனிதர் தனக்குத் தானே சிரித்துக்கொண்டு புது ஹாண்டிலை எடுத்து வைத்தார். இரண்டு போல்ட்டுகளைப் பாதிக்கு இறுக்கினார். மற்ற இரண்டையும் மறந்து, போய்ப் படுத்துவிட்டார்.

இனி அருந்ததி திங்கள் காலை இறங்குவார். எனக்கு முன்னால் மூன்று முடிவுகள் இருக்கின்றன.

(அ) மரைன் டிரைவில், யாரோ ஒருவரின் காருக்கு முன்னால் அவர் விழுகிறார். மலருக்கு உகந்தது. பரிசும் கிடைக்கலாம்.

(ஆ) இலேசாக விழுகிறார், முழங்காலில் மட்டும் சிராய்ப்பு. ஆனால் இந்த முடிவு முதலாவதை விடக் கொடியது. அறுபத்தொரு வயதுப் பெண் சைக்கிளில் விழுந்தாள் என்ற செய்தி அன்று மத்தியானத்துக்குள் கோயில் வாட்ஸ்அப் குழுவுக்கும், ஃப்ளாட் குழுவுக்கும், டொரொன்டோவுக்கும் போய்விடும். "நாங்கள் அப்பவே சொன்னனாங்கள்" என்று சொல்லப்போகிறவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். சைக்கிள் ஹோலுக்குத் திரும்பும். அருந்ததியும் அதோடு ஹோலுக்குத் திரும்புவார்.

(இ) ஒன்றும் நடக்காமல் ஓடித் திரும்புகிறார். இதை நானே நம்பமாட்டேன்.

இரண்டு நாள் எழுதவில்லை. அந்தப் பெண் செய்த குற்றம் என்ன? தன் கை விழும் இடத்தில் பிடி இருக்கவேண்டும் என்று கேட்டார். அதற்காக அவரைத் தள்ளிவிழுத்த எனக்கு மனமில்லை. போல்ட்டை நானே எழுந்து போய் இறுக்கவும் முடியாது. அது கணவரின் மறதி, கதையின் உண்மை. என்னால் முடிந்தது ஒன்றுதான். லிஃப்ட்டை மெதுவாக்கினேன்.

6

நான்காம் மாடியிலிருந்து லிஃப்ட் முக்கி முனகிக்கொண்டு இறங்கியது. நின்று களைத்து, அருந்ததி ஹாண்டிலில் சாய்ந்தார். அது அவருடைய பாரத்தோடு அப்படியே முன்பக்கம் கவிழ்ந்து திரும்பியது. கீழே கதவு திறந்தது.

"கொஹெத நோனா?" என்றான் செக்கியூரிட்டி, வழமைபோல.

"கொஹெவத் நே மல்லி" என்றார் அருந்ததி. எங்கேயும் இல்லை, தம்பி. அன்றைக்கு அது உண்மை. மறுபடி மேலே போனார்.

கனகசபாபதி தேத்தண்ணீரோடு இருந்தார்.

"இஞ்சாருங்கோ, நேற்று மற்ற ரெண்டு போல்ட்டையும் இறுக்கினீங்களோ?"

மனிதர் சைக்கிளைப் பார்த்தார். பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்தார். கோப்பையைக் கீழே வைத்தார்.

"நீர்... ஓடினனீரோ?"

"ஓடியிருந்தா இஞ்ச நிண்டு கதைப்பனோ?"

"அவன் நேற்றுக் கனக்கக் கதைச்சவன் அருந்ததி. சைக்கிளைப் பற்றி இல்லை. எனக்கு நித்திரை வாறதோ எண்டு கேட்டவன். அந்தச் சந்தோஷத்தில நான்..." எழும்பி வந்து ஹாண்டிலைத் தொட, அது கவிழ்ந்தது. "உம்மைக் கொல்லப் பாத்தன்."

அருந்ததிக்குக் கோபம் உச்சியில் இருந்தது. நாலு வார்த்தை கேட்கத்தான் வந்திருந்தார். அந்த முகத்தைப் பார்த்தபின் அலன் கீயை மட்டும் எடுத்துக் கொடுத்தார். கனகசபாபதி நிலத்தில் குந்தியிருந்து நான்கு போல்ட்டையும் மாறி மாறி, ஒவ்வொன்றாக, இறுக்கினார். முடிந்ததும் தன் பாரம் முழுவதையும் போட்டு அமுக்கிப் பார்த்தார். அசையவில்லை.

"இனிக் கழட்டேலாது" என்றார் அருந்ததி. "வாற ஞாயிறும் இதுதான் நிக்கும்."

"பிறகு அவன் என்னோட என்னத்தைக் கதைப்பான்?"

அருந்ததி அலன் கீயைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

7

கனகசபாபதியின் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. சுபோதினிக்குச் சொல்லிவிட்டேன், யாரும் விழவில்லை என்று. "அப்ப முடிவு?" என்றார். வாசகரிடம் இருக்கிறது என்றேன். அது எழுத்தாளர்கள் சோம்பலுக்குச் சொல்வது என்று அவருக்குத் தெரியும். இந்தத் தடவை உண்மையாகத்தான் சொன்னேன்.

இதை வெள்ளவத்தையில் இருந்து வாசிப்பவர்கள் இங்கேயே நிறுத்திவிடலாம். மிச்சத்தை டொரொன்டோவிலும் லண்டனிலும் மெல்பேணிலும் இருந்து வாசிப்பவர்களுக்கு எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. அழைத்தது நீங்கள்தான். திரையில் அம்மா சைக்கிளைக் காட்டுகிறார். உயர்ந்து உள்ளே வளைந்த, நீங்கள் அனுப்பாத ஒரு ஹாண்டில் தெரிகிறது.

"தம்பி, இதைத்தான் பூட்டியிருக்கிறன். அப்பா இல்லை, நான்தான் ஓடுறன்" என்கிறார்.

நீங்கள் கோபிக்கலாம், சிரிக்கலாம், ஹெல்மெட் போடச் சொல்லலாம். அம்மா எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பார். விடியற்காலையில் எங்கே போகிறார் என்று மட்டும் கேட்காதீர்கள். பிறகு அவர், "இந்தா, அப்பாவோட கதை" என்று ஃபோனைக் கொடுக்கிறார். இத்தனை காலமும் பிடித்து நின்ற கொம்பு இன்று அப்பாவின் கையில் இல்லை. ஃபோனோடு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, சோபா நுனியில் இருக்கிறார்.

உங்களிடம் இனிச் சைக்கிளைப் பற்றிய கேள்வி இல்லை. அப்பாவைப் பற்றி ஒன்றாவது இருக்கிறதா?

அவர் ஃபோனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவருகிறார். கேளுங்கள்.