பிரேக் இல்லாத பக்கம்

என் மூன்றாவது ஓட்டுநர் தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது, எனக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்த ருதைனாவின் காரை எவனோ உடைத்துவிட்டான். கண்ணாடியை நொறுக்கி, சாவி போடும் இடத்தைப் பிய்த்துப் போட்டு, கடைசியில் கிளப்பத் தெரியாமல் விட்டுப் போயிருக்கிறான். பயிற்சிக் கார் என்பதால் பக்கத்து இருக்கையிலும் ஒரு பிரேக் உண்டு. ரெண்டு பிரேக்கைப் பார்த்துக் குழம்பியிருப்பான் என்று அவளே சொல்லிச் சிரித்தாள். சரிசெய்ய மூன்று வாரம் ஆகும் என்றார்களாம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கணவர் தலால் இறந்து ஆறு வருடம். அவருடைய கார் முற்றத்தில் உறை போட்டு நிற்கிறது. கடைக்குப் போவதென்றாலும் கொழுந்தன் அபூ கஸ்ஸான்தான் கூட்டிப்போக வேண்டும். போகவர உபதேசம் வேறு. இரண்டாவது முறை தோற்ற அன்று, கோபத்தில் நானே வாயை விட்டேன்: அடுத்த தடவையும் தோற்றால் காரை விற்றுவிடலாம் என்று. எதையும் மறந்துபோகிற மனிதர், அதை மட்டும் மறக்கவில்லை. தேர்வுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை வருமாறு ஆள் பார்த்து வைத்துவிட்டார்.

பயிற்சி நிலையத்தில் வேறு கார் கேட்டோம். தேர்வன்று மட்டும் ஒன்று தருகிறோம் என்று கைவிரித்துவிட்டார்கள். அவ்வளவுதான் என்று நான் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலையில் ருதைனா வந்து நின்றாள். பஸ்ஸில் வந்து, அடிவாரத்திலிருந்து நூற்றுச் சொச்சம் படி ஏறி, முகமெல்லாம் வேர்த்திருந்தது.

“கார்தானே இல்ல, ரோடு இருக்குல்ல?” என்றாள்.

என்னைப்போல் அவளுக்கு இன்னும் நான்கு பேர், அம்மான் நகரத்தில் ஆளுக்கொரு குன்றில். ஒருத்தியையும் விடவில்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் மூன்று வாரமும் திருடனைச் சபித்துக்கொண்டு படுத்திருப்பேன்.

முதல் மூன்று நாள் பாடம் என் சமையலறையில் ஓடியது. இரண்டு நாற்காலி, பெடலுக்கு மூன்று செருப்பு, கியருக்குக் கரண்டி, ஸ்டியரிங்குக்கு மன்சஃப் கறிச்சோறு ஆக்கும் அண்டாவின் மூடி. நான்காம் நாள் என்னைத் தெருவில் இறக்கினாள். இன்று நீங்கள்தான் கார் என்றாள். லுவெய்ப்தே ரவுண்டானாவை நடைபாதையிலேயே சுற்றினோம். திரும்பும்போது கையைக் காட்ட வேண்டும், தோளுக்கு மேல் பார்க்க வேண்டும். எள்ளு ரொட்டி விற்கிறவன், பெட்ரோல் எங்கே போடுவீங்க என்று கேட்டான். எனக்கு மானம் போயிற்று. ருதைனா அவனிடமே இரண்டு ரொட்டி வாங்கி, இந்தாங்க பெட்ரோல் என்று ஒன்றை என் கையில் கொடுத்தாள்.

வரும் வழியில் பேக்கரிக்குள் நுழையப் போனோம். வாசலில் ஒருவர் வந்தார்; நெஞ்சில் கைவைத்து, நீங்க போங்க என்று விலகினேன். பின்னால் ஒரு அம்மா, அப்புறம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு. எல்லோரையும் அனுப்பிவிட்டு நின்றேன். எங்கள் வளர்ப்பு அப்படி. இரண்டு பேர் ஒரு வாசலில் சந்தித்தால், யார் முதலில் போவதென்று கால்மணி நேரம் மல்லுக்கட்டுவோம்.

ருதைனா ரொட்டியை மெல்வதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். ஊர் வழக்கப்படி என்னை மகன் பெயரை வைத்துத்தான் கூப்பிடுவாள்.

“உம் சுஹைப், ரெண்டு தடவையும் ரவுண்டானாவுக்கு நடுவுலதானே வண்டிய நிறுத்தினீங்க?”

ஆமாம் என்றேன். ஹாரன் சத்தத்துக்குப் பயந்து நிறுத்தினேன் என்றுதான் அதுவரை இருவரும் நினைத்திருந்தோம்.

“அது பயமில்ல, மரியாதை. உள்ள நுழையறவனுக்கெல்லாம் வழி விடுறீங்க. வட்டத்துக்குள்ள போயிட்டா வழி உங்களோடதுங்க. வெளிய நிக்கிறவன் காத்திருக்கட்டும். அதுல திமிரு ஒண்ணும் இல்ல.”

மூன்று மாதம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தும் தெரியாதது, கூடவே நடந்தபோது அவளுக்குத் தெரிந்துவிட்டது. மிச்ச நாளெல்லாம் ஒரே பாடம்: எந்த வாசலிலும் வழி விடக்கூடாது. கிளச்சைவிட அது கஷ்டம். மாடிவீட்டு ஹாஜியாருக்கு முன்னால் நுழைந்துவிட்டு, அன்று முழுக்கக் கூனிக் குறுகிப்போனேன். அவளோ விடாமல் தினமும் வந்தாள். ஒருநாள் ஷூவைக் கழற்றியபோது பார்த்தேன். குதிகால் இரண்டும் தோலுரிந்து, பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. ஒரு வார்த்தை சொன்னதில்லை. இவளுக்காகவாவது பாஸாக வேண்டும் என்று அப்போதுதான் மனதார நினைத்தேன்.

தேர்வன்று பழகாத கார், பக்கத்தில் போலீஸ் அதிகாரி. ரவுண்டானாவில் ஒரு காய்கறி வண்டி மூக்கை நுழைத்து ஹாரன் அடித்தது. என் வலது கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று. பாதி வழியில் அதைத் திருப்பி ஸ்டியரிங்கில் வைத்தேன். போய்விட்டேன். காய்கறி வண்டி நின்றது. அதிகாரி ஏதோ எழுதினார். பாஸ்.

வெள்ளிக்கிழமை அபூ கஸ்ஸான் ஆளோடு வந்தார். உரிமத்தை நீட்டினேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“இருந்தாலும் அண்ணி, இந்த ஊரு ட்ராஃபிக்ல...” என்று இழுத்தார்.

நான் மல்லுக்கு நிற்கவில்லை. வந்தவருக்குக் காப்பி கொடுத்து, கார் விற்பனைக்கு இல்லை என்று சொல்லி அனுப்பினேன். அப்புறம் சாவியை எடுத்துக்கொண்டு, வாசலை மறித்து நின்ற கொழுந்தனைத் தாண்டி முதல் ஆளாக வெளியே வந்து காரின் உறையைக் கழற்றினேன்.

சனிக்கிழமை காலை, மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வரும் ருதைனா பஸ் இறங்கும் இடத்தில் காரோடு போய் நின்றேன். அவள் கார் வர இன்னும் ஒரு வாரம் இருந்தது.

“ஏறும்மா. இன்னைக்கு யார் யார் வீடு?” என்றேன்.

முதல் வீட்டைச் சொல்லிக்கொண்டே ஏறினாள். கண் கலங்கியிருந்தது. ரவுண்டானாவில் ஒரு டாக்ஸி முண்டிக்கொண்டு வந்தது. நான் நிறுத்தவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தேன், அவள் வலது கால் தரையை ஓங்கி மிதித்து, அங்கே இல்லாத பிரேக்கைத் தேடிக்கொண்டிருந்தது. டாக்ஸி நின்றது. நாங்கள் கடந்துவிட்டோம்.

அவளும் தன் காலைக் குனிந்து பார்த்தாள். அடுத்த ரவுண்டானா வருவதற்குள் ஷூவைக் கழற்றி, இரண்டு காலையும் மடித்து இருக்கையின் மேல் வைத்துக்கொண்டாள்.